பகிர்வூக்கம் (அலைபேசி வலையமைப்பு)

நடுவில் சர்வர் இல்லாமல் அலைபேசிகள் ஒன்றோடொன்று நேரடியாக இணையும் வலையில், பயனர் தம் பேட்டரி, டேட்டா, சேமிப்பிடம் ஆகியவற்றைப் பிறருக்கும் தரச் செய்யும் ஏற்பாடு. வாங்குவோர் பெருகி, தருவோர் அருகுவதே இத்தகைய வலைகளின் தீராத நோய். நுட்டெல்லா எனும் கோப்புப் பகிர்வு வலையை ஆராய்ந்த அடார், ஹூபர்மன் இருவரும், ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் எந்தக் கோப்பையும் பகிரவில்லை என 2000இல் காட்டினர். 2001இல் வந்த பிட்டாரண்ட் எனும் கோப்புப் பகிர்வு முறை, தருபவருக்கே வேகமாகத் தந்தது. அலைபேசிக்கு அது மட்டும் போதாது: சார்ஜ் தீரும் நிலையில் இருப்பவர், முகம் தெரியாதவரின் தகவலைக் கடத்திவிட மாட்டார். இதற்காகவே, பிறர் தகவலைக் கடத்தினால் சேர்ந்து, தம் தகவலை அனுப்பினால் கரையும் ‘நக்லெட்’ எனும் மெய்நிகர் காசை ஆய்வாளர்கள் புட்யானும் ஹூபோவும் முன்வைத்தனர். ஆனால், விழுப்புரம்–திண்டிவனம் போன்ற பேருந்துத் தடங்களில் ஷேர்இட் எனும் கோப்புப் பகிர்வுச் செயலி வழியே படம் கைமாற எந்தக் காசும் வேண்டியிருக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் கேட்டால் போதும். ஷேர்இட், ஸெண்டர் செயலிகளை இந்திய அரசு 2020 ஜூன் 29 அன்று தடைசெய்தது.