பாட்டு வந்த தீவு

மும்பை வந்த பிறகு நான் கவனித்த ஒரு விஷயம். வயதான இந்திக்காரர்களிடம் பழைய சினிமாப் பாட்டு பற்றிப் பேச்செடுத்தால், இரண்டாவது நிமிஷமே 'ரேடியோ சிலோன்' என்று ஆரம்பித்து விடுவார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் 'இலங்கை வானொலி' என்று உருகுவார்களே, அதே உருக்கம்! ஒரு சின்னத் தீவின் அரசாங்க ரேடியோ எப்படி இந்தியாவின் இரண்டு கோடியையும் பிடித்தது?

கதை 1925 டிசம்பர் 16ல் தொடங்குகிறது. கொழும்பு தந்தி இலாகாவின் தலைமை எஞ்சினியர் எட்வர்ட் ஹார்ப்பர், அதற்கு முன்பே பிடிபட்ட ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் பாகங்களை வைத்து ஒலிபரப்பிப் பார்த்தவர். அவர் முயற்சியில் கொழும்பு வானொலி பிறந்தது.

அடுத்த அதிர்ஷ்டம் யுத்தத்தால் வந்தது. மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகம் கண்டியில் இருந்தது. சிப்பாய்களுக்காக கொழும்பில் 'ரேடியோ சியாக்' நடந்தது. படை கிளம்பியபோது சக்தி வாய்ந்த சிற்றலை டிரான்ஸ்மிட்டர் அங்கேயே தங்கிவிட்டது. 1949ல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. அடுத்த வருஷமே வர்த்தக சேவை. அதாவது, காசு கொடுத்தால் விளம்பரம் போடலாம்.

சரக்கு ரெடி. வாடிக்கையாளரை அனுப்பி வைத்தவர் நம் மந்திரிதான்! 1952ல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு வந்த பி.வி.கேஸ்கருக்கு சாஸ்திரிய சங்கீதம் என்றால் உயிர், சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. பாட்டோடு படத்தின் பெயரைச் சொல்வதும் விளம்பரம்தான் என்று அதையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் கோபித்துக் கொண்டார்கள். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட காணாமல் போனது.

அதே 1952 டிசம்பரில் ரேடியோ சிலோனில் பினாகா கீத்மாலா ஆரம்பம். அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிவு செய்வார். டேப் விமானத்தில் கொழும்பு போகும். அங்கிருந்து சிற்றலையில் இந்தியா முழுக்கத் திரும்பி வரும். பாட்டு நம்முடையது, குரல் நம்முடையது, விற்ற பற்பசையும் இங்கே விற்றதுதான். விளம்பர வருமானம் மட்டும் தீவுக்கு! அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும். லைசென்ஸ் டெல்லிக்கு, காது கொழும்புக்கு. பேங்க் ஆசாமியான எனக்கு இது நன்றாகவே புரிகிறது. கவுண்டரில் இருப்பவர் 'இது உங்களுக்கு நல்லதில்லை' என்று உபதேசம் செய்தால், வாடிக்கையாளர் எதிர்த்த பேங்குக்குப் போய்விடுவார்.

தமிழ்ப் பக்கத்தில் தூரம்கூட ஒரு பிரச்சினையில்லை. தென் மாவட்டங்களில் கொழும்பு பக்கத்து ஊர் மாதிரி கேட்கும். எஸ்.பி.மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களே நட்சத்திரங்கள் ஆனார்கள். நேயர் விருப்பத்தில் தன் பெயரும் ஊர் பெயரும் வருமா என்று தெருவே காத்திருந்த காலம்.

டெல்லிக்கும் புத்தி வந்தது. 1957 அக்டோபரில் விவித பாரதி வந்தது. அதில் விளம்பரம் வர இன்னும் பத்து வருஷம் ஆனது. விளம்பரக் காசு மெல்ல மெல்ல இந்தியா திரும்பியது. டிவி வந்தது. இலங்கையில் யுத்தம் வந்தது. 1980களின் கடைசியில் கீத்மாலாவே விவித பாரதிக்குக் குடிமாறியது. நிலையமும் 1967ல் கூட்டுத்தாபனமாகி, 1972ல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறியிருந்தது.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று. கேஸ்கர் கெட்டவர் இல்லை. ஜனங்களை உயர்த்தத்தான் நினைத்தார். ஆனால் ரேடியோவில் திருகுமுள் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டார். அதைத் திருப்பிய வடக்கத்திக்காரரும் தெற்கத்திக்காரரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே நிலையத்தில் போய் நின்றார்கள்.

வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகள் 'அவங்க பாட்டு, நம்ம பாட்டு' என்று பிரித்துப் பேசும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு இந்திக்காரப் பெரியவரிடமும் ஒருமுறை 'ரேடியோ சிலோன்' என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு முடிய ராத்திரி ஆகிவிடும்.