கைகுலுக்கிவிட்டால் தீர்ந்ததா?

கால்பந்தைப் பற்றி இங்கே எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. ஒரே அணியில் ஒரே சட்டை போட்டு ஆடுகிற இரண்டு பேர் அடித்துக்கொண்டால் கிளப் என்ன செய்கிறது? யாரைத் தண்டிக்கிறது, எதற்காகத் தண்டிக்கிறது, அடிபட்டவன் கடைசியில் எங்கே போனான்? இந்தக் கேள்விகளோடு அந்த வரலாற்றைப் புரட்டினால், நீதி இருக்க வேண்டிய இடத்தில் 'சமாதானம்' எப்படி வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பது தெரியும். அந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. அடிபட்டவர்களோடு காவல் நிலையப் படியேறிய ஒவ்வொரு முறையும் எனக்குக் கிடைத்த புத்திமதி இதுதான்: "ஒரே ஊர்க்காரங்க, உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சுக்கங்கப்பா."

2005 ஏப்ரல் 2. இங்கிலாந்தில் நியூகாசில் யுனைடெட் தன் சொந்த மைதானத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 3-0 என்று தோற்றுக்கொண்டிருக்கிறது. பந்தைத் தனக்குக் கொடுக்கவில்லை என்று லீ போயருக்குக் கோபம். சக ஆட்டக்காரர் கீரன் டையர் மேல் பாய்கிறார். சட்டை கிழிகிறது. விலக்கிவிட வந்தது எதிரணிக்காரர் கேரத் பாரி. நடுவர் இருவருக்கும் சிவப்பு அட்டை காட்டினார். போயர் வெள்ளையர், டையர் கறுப்பின வழி வந்தவர். ஆனால் நான் சொல்ல வருவது நிறத்தை மட்டும் அல்ல.

அன்று சாயங்காலமே பத்திரிகையாளர் கூட்டம். மேனேஜர் கிரேம் சூனஸ் நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு பேர். அடித்தவரும் மன்னிப்புக் கேட்டார், அடிபட்டவரும் மன்னிப்புக் கேட்டார். யாரிடம்? ரசிகர்களிடம், கிளப்பிடம். அடி வாங்கினவன் எதுக்குய்யா மன்னிப்புக் கேக்கணும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். கிளப் போயருக்கு ஆறு வாரச் சம்பளத்தை அபராதமாகப் போட்டது. ஏறக்குறைய 2 லட்சம் பவுண்டு. கால்பந்துச் சங்கம் 30,000 பவுண்டு அபராதம் விதித்தது. எல்லாம் சேர்த்து ஏழு ஆட்டங்கள் தடை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது, 2006 ஜூலையில், அச்சுறுத்தும் விதமாக நடந்துகொண்டதாகப் போயர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் 600 பவுண்டு, செலவுத்தொகை 1,000. பொதுச்சட்டத்தின் பார்வையில் 600 பவுண்டு பெறுமான குற்றம், கிளப்பின் பார்வையில் 2 லட்சம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? கிளப் எடை போட்டது டையரின் உடம்பில் விழுந்த அடியை அல்ல, தன் பெயருக்கும் ஆட்டத்துக்கும் வந்த நஷ்டத்தை. அந்த மாதத்தில்தான் அதற்கு ஐரோப்பியக் கோப்பைக் கால் இறுதியும் உள்நாட்டுக் கோப்பை அரை இறுதியும் இருந்தன. இரண்டிலும் தோற்றது. இந்தக் கணக்கில் டையர் பெயர் எங்கே வருகிறது? மூன்று ஆட்டத் தடை என்ற இடத்தில்.

அபராதம் போடும் இந்த அதிகாரம் கிளப்புக்கு எங்கிருந்து வந்தது? ஆட்டக்காரன் கிளப்பின் சொத்து என்ற நினைப்பிலிருந்து வந்தது. 1893இலிருந்தே இங்கிலாந்து லீக்கில் ஒரு கிளப்பில் பெயர் பதிந்தவன், அந்தக் கிளப் விடாமல் வேறு கிளப்புக்குப் போக முடியாது. ஒப்பந்தம் முடிந்தாலும் முடியாது. 1901இல் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள்: வாரம் 4 பவுண்டு. இதை எதிர்த்துத்தான் 1907இல் மான்செஸ்டரில் ஆட்டக்காரர் சங்கம் பிறந்தது. உச்சவரம்பு ஒழிய 1961 வரை ஆனது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற ஆட்டக்காரர், தன்னை விட மறுத்த கிளப்பின் மேல் வழக்குப் போட்டு 1963இல் தீர்ப்பு வாங்கினார். ஆளைப் பிடித்து வைக்கும் அந்த விதி தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று நீதிபதி சொன்னார். அந்தக் கிளப் எது தெரியுமா? இதே நியூகாசில் யுனைடெட்.

கிளப் நினைத்தபடி சம்பளத்தை வெட்ட முடியாமல் போனதும் சங்கம் கட்டியவர்களால்தான். இங்கிலாந்தில் கிளப் போடும் அபராதத்துக்கு வழக்கமான உச்சம் இரண்டு வாரச் சம்பளம் என்று ஆனது; அதற்கு மேல் போக வேண்டுமானால் சங்கத்தையும் கேட்க வேண்டும். முதலாளியிடமிருந்து தொழிலாளியைக் காப்பாற்ற இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியை அடித்தால்? அங்கே இந்த ஏற்பாடு தடுமாறுகிறது. அபராதம் கிளப்புக்கும் அடித்தவனுக்கும் நடுவில் நடக்கிற கொடுக்கல் வாங்கல். அடிபட்டவனுக்கு அதில் இடம் இல்லை.

நியூகாசிலில் நடந்ததை ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். பயிற்சி மைதானத்தில் நடந்தால்? 1998இல் வெஸ்ட் ஹாம் கிளப்பின் பயிற்சியில் ஜான் ஹார்ட்சன், தரையில் கிடந்த எயால் பெர்கோவிச்சின் தலையில் உதைத்தார். ஒருவர் வேல்ஸ் நாட்டுக்காரர், மற்றவர் இஸ்ரேலிலிருந்து வந்தவர். அங்கே ஒரு கேமரா இருந்ததால் உலகத்துக்குத் தெரிந்தது. படம் வெளிவந்த பிறகு கால்பந்துச் சங்கமும் அபராதம் போட்டுத் தடை விதித்தது. 1999 ஜனவரியில் விம்பிள்டன் கிளப் 75 லட்சம் பவுண்டு கொடுத்து ஹார்ட்சனை வாங்கிக்கொண்டது. கேமரா இல்லாத நாட்களில் யார் யார் உதை வாங்கினார்களோ, அவர்களுக்கு வரலாறு இல்லை.

அடுத்தது ஜோயி பார்ட்டன். 2004 டிசம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் கிறிஸ்துமஸ் விருந்தில், எரிகிற சுருட்டை ஒரு இளம் ஆட்டக்காரரின் கண்ணருகே வைத்துச் சுட்டார். கிளப் ஆறு வாரச் சம்பளத்தை அபராதமாகப் போட்டு விஷயத்தை முடித்தது. பார்ட்டன் தொடர்ந்து ஆடினார். 2007 மே மாதம், பயிற்சியின்போது, பிரான்சிலிருந்து வந்த கறுப்பின ஆட்டக்காரர் உஸ்மான் டாபோவை அடித்தார். டாபோ மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் டாபோ கிளப்போடு நிற்கவில்லை, போலீசுக்குப் போனார். கிளப்பின் வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவந்தார். 2008 ஜூலையில் நீதிமன்றத்தில் பார்ட்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நான்கு மாதச் சிறை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக. 200 மணி நேரச் சமூகப்பணி. டாபோவுக்கு 3,000 பவுண்டு இழப்பீடு. அடிபட்டவன் பெயருக்கு நேரே இங்கே ஒரு தொகை எழுதப்பட்டது. அதுவும் கிளப்புக்கு வெளியே போனதால்.

அதற்குள் என்ன ஆனது? 2007லேயே சிட்டி பார்ட்டனை நியூகாசிலுக்கு 58 லட்சம் பவுண்டுக்கு விற்றுவிட்டது. டாபோ 2008 ஜனவரியில் இத்தாலிக்குக் கிளம்பினார். அடித்தவனை விற்றதில் கிளப்புக்கு லாபம். 2023இல் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கும் ஏறக்குறைய இதையே செய்தது. மான்செஸ்டரில் தோற்ற இரவு சாடியோ மானே சக ஆட்டக்காரர் லெராய் சானேயை முகத்தில் அடித்தார். ஒரு ஆட்டம் வெளியே, ஒரு அபராதம், ஒரு மன்னிப்பு. கோடையில் சவூதிக்கு விற்பனை. மானே செனகல்காரர், சானேயின் தகப்பனாரும் செனகலுக்கு ஆடியவர். இந்தக் கணக்கு எல்லா நிறத்துக்கும் பொது.

கை நீட்டினால் இத்தனையாவது நடக்கிறது. நாக்கு நீட்டினால்? 1995 நவம்பரில் மாஸ்கோவில் நடந்த ஆட்டத்தில் பிளாக்பர்ன் அணியின் கிரேம் லெ சோ, சொந்த அணியின் டேவிட் பாட்டியைக் குத்தித் தன் கையையே உடைத்துக்கொண்டார். அந்தக் குத்து எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே லெ சோவை, அதற்கு முன்னால் செல்சீயில் இருந்த காலத்தில், அவர் படித்த செய்தித்தாளைக்கூடச் சாக்காக வைத்து, ஓரினச்சேர்க்கையாளர் என்று சக ஆட்டக்காரர்களே கேலி செய்தார்கள். அவர் அப்படி அல்ல. இருந்தாலும் அது கேலிக்குரியதல்ல. உடைமாற்று அறையில் தொடங்கியதைப் பிறகு மைதானங்களில் கூட்டமே பாட்டாகப் பாடியது. பல வருஷம் கழித்து, 2007இல், தன் புத்தகத்தில் அவரே அதை எழுதினார். உடைமாற்று அறையில் அதற்குப் பெயர் தமாஷ். தமாஷுக்கு அபராதப் பட்டியல் கிடையாது. இது எப்படிப்பட்ட தமாஷ் என்று நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

விளையாட்டுன்னா சண்டை வராதா, எல்லாத்துக்கும் போலீசா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2025 நவம்பர் 24 அன்று எவர்டன் அணியின் இட்ரிஸ்ஸா கெயே, மைக்கேல் கீனைக் கன்னத்தில் அறைந்தார். சக ஆட்டக்காரனை அடித்தாலும் சிவப்பு அட்டைதான் என்று விதி இருக்கிறது. நடுவர் காட்டினார், கெயே வெளியேறினார். மீதிப் பத்துப் பேர் 1-0 என்று ஜெயித்தார்கள். கெயே கீனிடம் மன்னிப்புக் கேட்டார். அங்கே கைகுலுக்கலுக்கு அர்த்தம் உண்டு. விதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும், தண்டனை கொடுத்தவன் கிளப்பின் ஆள் அல்ல, மன்னிப்பு போய்ச் சேர்ந்தது அடிபட்டவனிடம். விதி தன் வேலையைச் செய்த பிறகு சமாதானம் வரட்டும். விதிக்குப் பதிலாக வந்தால்தான் வம்பு.

2007இல் டையரும் வெஸ்ட் ஹாம் கிளப்புக்குப் போனார். போயர் அதற்கு முந்திய வருஷமே அங்கே போயிருந்தார். மறுபடியும் ஒரே சட்டை, ஒரே அறை. "பாத்தீங்களா, எல்லாம் சரியாப் போச்சு" என்று சொல்லலாம். சரியாகவும் போயிருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது டையர். அன்று சாயங்காலம் சூனஸ் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்டபோது அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.