கையாற் பிறந்த நூல்கள்

நோத்ர-டாம்-த-கிரேஸில் வாழும் எம் குடும்பங்களுள், புறப்படும்பொழுது நூல்களையும் சுமந்து வந்தோர் மிகச் சிலரே. உயிரையும் பிள்ளைகளையும் காத்துக்கொண்டு வந்தோம். புத்தக அலுமாரிகளை அங்கேயே விட்டு வந்தோம். இங்கு எம் சிறார் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அழகிய படநூல்களை வாசிக்கின்றனர். அம்மம்மா சொல்லும் கதையோ நூலாகி அவர்கள் கையை அடைவதில்லை. அத்தகைய நூல்களை ஆக்கப் பெருஞ்செல்வமும் பேரியந்திரங்களும் வேண்டுமென நாம் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதற்குச் சென்னைப் பதிப்பகம் ஒன்றின் வரலாறு சான்றாகும்.

1994 ஆம் ஆண்டில் கீதா உல்ஃப் என்பவர் சென்னையில் தாரா பதிப்பகத்தைத் தொடங்கினார். அதன் தொடக்க காலத்தில், பசித்த சிங்கம் ஒன்றின் கதை மராட்டிய மாநிலப் பழங்குடியினரின் வார்லி ஓவிய மரபைத் தழுவிய படங்களுடன் நூலாயிற்று. கையால் அச்சிட்ட அதன் மாதிரிப் படி ஜேர்மனியின் பிராங்பேர்ட் புத்தகச் சந்தைக்குச் சென்றது. அதனைக் கண்ட கனடியப் பதிப்பகம் ஒன்று 8000 பிரதிகளைக் கேட்டது. ஆம், எமக்கு அடைக்கலம் தந்த இந்நாட்டிலிருந்தே அப்பெருங் கொள்வனவு எழுந்தது.

அப்பணி எளிதானதன்று. எம் ஊர்களில் திருமண அழைப்பிதழ்களுக்குக் கையாண்ட திரை அச்சு முறையே இங்கும் பயன்பட்டது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியின் மேல் மையை வார்த்து, இறப்பர்த் தகட்டால் அழுத்தி இழுப்பர். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனித் திரை வேண்டும். ஒரு வண்ணம் உலர்ந்த பின்னரே அடுத்த வண்ணம் ஏறும். பருத்திக் கழிவில் ஆக்கிய தாளில் இவ்வாறு அச்சிட்டு, நூலால் தைத்துக் கட்டுவர். பெரிய அச்சகங்கள் செய்யத் துணியாத இவ்வேலையே சிறிய பதிப்பகத்தின் வலிமையாயிற்று.

2004 ஆம் ஆண்டில் இப்பதிப்பகம் வெளியிட்ட நூலொன்று எமக்கு மிக நெருக்கமானது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர் பஜ்ஜு சியாம், உணவகம் ஒன்றின் சுவரில் ஓவியம் தீட்ட இலண்டன் சென்றார். அந்நகரைத் தம் காட்டுக் கண்களாலேயே கண்டார். விமானம் அவருக்குப் பறக்கும் யானையாயிற்று. புகழ்பெற்ற மணிக்கூட்டுக் கோபுரம் சேவலாயிற்று. அயல்நகரின் மொழியை அறியாதவர் என்பதனால் அவர் பார்வை குறைபடவில்லை, அப்பார்வையே நூலாயிற்று. பின்னர் அவரும் துர்காபாய், ராம்சிங் ஊர்வேதி ஆகியோரும் வரைந்த மரங்களின் இரவு வாழ்வு பற்றிய நூல், 2008 ஆம் ஆண்டில் இத்தாலியின் பொலோஞா சிறுவர் நூற்சந்தையில் பரிசு பெற்றது. கரிய தாளில் கையால் அச்சிட்ட நூல் அது. நாட்டார் கலைஞரை வெறும் கூலியாளராகக் கொள்ளாது, நூலாசிரியராகவே மதித்து அவர்தம் பெயரை அட்டையில் பொறித்தமை இப்பதிப்பகத்தின் தனிச்சிறப்பு.

எம்மிடையே கதை சொல்லும் முதியோர் இன்னும் உளர். வரையத் தெரிந்த பிள்ளைகளும் உளர். பனிகாலத்து நீண்ட மாலைகளும் எமக்குண்டு. பாட்டனார் தம் ஊர்க் கேணியைப் பற்றிச் சொல்வதை ஒருவர் எழுத, பேத்தி அதனை வரைய, இருபது படிகளேனும் தைத்துக் கட்டுவது எம்மால் இயலாததன்று. முதியோர் மறையுமுன் அதனைச் செய்தல் வேண்டும். விட்டு வந்த அலுமாரிகள் இனி மீளா. புதிய அலுமாரியின் முதல் நூலை நாமே ஆக்குவோம்.