புரோ கபடி எம்விபி விருது: அதிக புள்ளி எடுத்தவருக்கே கிடைக்காதது ஏன்? முழு வரலாறு

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல ஏறினதும் மொபைலில் கபடி பார்க்கும் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "இவ்வளவு புள்ளி எடுத்தும் எம்விபி ஏன் இவருக்கு இல்ல?" 2014 முதல் 2024 வரையிலான 11 சீசன்களின் பட்டியலைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடுகிறது.

எம்விபி என்றால் என்ன?

ஒரு சீசனின் மிக மதிப்புமிக்க வீரருக்குத் தரப்படும் விருது. சிறந்த ரைடர், சிறந்த டிஃபென்டர் விருதுகள் தனி. அவை புள்ளிக் கணக்கைப் பொறுத்தவை. எம்விபி அப்படி இல்லை.

2024 வரை வென்றவர்கள்

சீசன் 1 (2014): அனூப் குமார், யு மும்பா
சீசன் 2 (2015): மன்ஜீத் சில்லார், பெங்களூரு புல்ஸ்
சீசன் 3 (2016): ரோஹித் குமார், பாட்னா பைரேட்ஸ்
சீசன் 4 (2016): பர்தீப் நர்வால், பாட்னா பைரேட்ஸ்
சீசன் 5 (2017): பர்தீப் நர்வால், பாட்னா பைரேட்ஸ்
சீசன் 6 (2018-19): பவன் செராவத், பெங்களூரு புல்ஸ்
சீசன் 7 (2019): நவீன் குமார், தபாங் டெல்லி
சீசன் 8 (2021-22): நவீன் குமார், தபாங் டெல்லி
சீசன் 9 (2022): அர்ஜுன் தேஷ்வால், ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ்
சீசன் 10 (2023-24): அஸ்லம் இனாம்தார், புனேரி பல்தான்
சீசன் 11 (2024): முகமதுரெசா ஷட்லூயி, ஹரியானா ஸ்டீலர்ஸ்

இதில் ஒளிந்திருக்கும் ஒற்றுமை

இந்த 11 முறையும் விருது வாங்கியவரின் அணி இறுதிப் போட்டியில் ஆடியிருக்கிறது. 8 முறை சாம்பியன் அணி வீரருக்கும், 3 முறை இரண்டாம் இடம் பிடித்த அணியின் வீரருக்கும் போயிருக்கிறது. ஃபைனலுக்கு வராத அணியில் இருந்து ஒருத்தர்கூட இல்லை.

அதிகம் பாதிக்கப்பட்டவர் பவன் செராவத். சீசன் 7-ல் அவர் எடுத்தது 346 ரைடு புள்ளிகள். நவீன் எடுத்தது 301. சீசன் 8-ல் பவன் 304, நவீன் 207. இரண்டு முறையும் விருது நவீனுக்கே. காரணம் தேட வேண்டியதில்லை: இரண்டு சீசனிலும் பவனின் பெங்களூரு அணி அரையிறுதியில் தோற்றது. தோற்கடித்தது நவீனின் டெல்லி.

சீசன் 10-லும் இதே கதைதான். அதிக ரைடு புள்ளி எடுத்தவர் டெல்லியின் அஷு மாலிக். விருது, கோப்பையை வென்ற புனே கேப்டன் அஸ்லமுக்கு.

ஃபைனலுக்கு வந்தால் மட்டும் போதுமா?

அதுவும் இல்லை. சீசன் 11-ல் பாட்னாவின் தேவாங்க் 301 ரைடு புள்ளிகள் எடுத்து, அணியும் ஃபைனல் வரை வந்தது. ஆனால் கோப்பையும் எம்விபியும் ஹரியானா பக்கம் போயின. டேக்கிளில் கலக்கிய ஷட்லூயி, இந்த விருதை வென்ற முதல் வெளிநாட்டு வீரர் ஆனார். ஈரானைச் சேர்ந்தவர்.

மற்றபடி பட்டியல் முழுக்க ரைடர்கள் ஆதிக்கம்தான். லீக் வரலாற்றிலேயே அதிக டேக்கிள் புள்ளிகள் எடுத்த ஃபசல் அத்ராசலியின் பெயர் இந்த 11-ல் இல்லை.

அமெரிக்க கூடைப்பந்தில் எப்படி?

என்பிஏ லீக்கில் 1955-56 சீசனில் இருந்து எம்விபி தருகிறார்கள். முதலில் வாங்கியவர் பாப் பெட்டிட். அங்கே லீக் சுற்று ஆட்டங்களை மட்டும் கணக்கில் எடுத்து ஊடகத்தினர் வாக்களிக்கிறார்கள். ஃபைனலில் கலக்கியவருக்கு 1969 முதல் தனி விருது உண்டு. அதனால்தான் 2017-ல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், அணி பிளே-ஆஃப் முதல் சுற்றிலேயே வெளியேறியும் எம்விபி ஆக முடிந்தது. புரோ கபடியில் அப்படிப் பிரிக்கவில்லை, ஒரே விருதுதான்.

தமிழ் தலைவாஸுக்கு ஏன் இல்லை?

2017-ல் லீக்கில் சேர்ந்த தமிழ் தலைவாஸ், இந்தக் காலகட்டத்தில் எட்டிய உச்சம் சீசன் 9 அரையிறுதி. அதில் புனேவிடம் 37-39 எனத் தோற்றது. அந்த சீசனில் 243 ரைடு புள்ளிகள் எடுத்த நரேந்தருக்குக் கிடைத்தது சிறந்த இளம் வீரர் விருது. அதற்கு முன்பு அஜய் தாக்கூர் தொடர்ந்து 2 சீசன்களில் 200 புள்ளிகளைத் தாண்டினார். ஆனால் அணி தன் பிரிவில் கடைசி இடத்தில் இருந்தது.

எம்விபி வாங்கியவர்கள் தலைவாஸ் ஜெர்சி போடாமலும் இல்லை. மன்ஜீத், பவன், அர்ஜுன் மூவருமே வேறு அணியில் விருது வாங்கிவிட்டு இங்கே வந்தவர்கள். 2022-ல் 2.26 கோடி ரூபாய்க்கு வந்த பவன், முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயமடைந்து அந்த சீசன் முழுவதையும் இழந்தார்.

லைனில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதுசில்லை. ஒருத்தர் எவ்வளவு வேகமாக முடித்தாலும், லைன் டார்கெட் அடிக்கலைன்னா கைதட்டல் அடுத்த லைனுக்குத்தான். தலைவாஸ் வீரர் கையில் எம்விபி கோப்பையைப் பார்க்கணும்னா, ஒரு நல்ல ரைடர் மட்டும் போதாது. முதலில் அணி ஃபைனலுக்கு வரணும்.