கம்ப்யூட்டர் வந்தது, கர்சிவ் போனது

"கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது" என்று நம்ம ஊரில் ஒரு பேச்சு உண்டு. கோழிக் கிறுக்கல் எழுதுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானம் அது :) ஆனாலும் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த யாரும் அந்த நாலு கோடு நோட்டை மறந்திருக்க முடியாது. எழுத்துக்களை ஒன்றோடு ஒன்று கோத்து எழுதும் அந்த கர்சிவ் எழுத்துக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அது வாழ்ந்த கதையும் தேய்ந்த கதையும் நன்றாகத் தெரிவது அமெரிக்காவில்தான். வாருங்கள், பார்ப்போம்.

முதலில், ஏன் சேர்த்து எழுதினார்கள்? அழகு மட்டும் காரணம் இல்லை. இறகுப் பேனாவையும் மை தொட்டு எழுதும் பேனாவையும் அடிக்கடி தூக்கி வைத்தால் மை சொட்டும், வேகமும் குறையும். பேனாவைத் தூக்காமல் ஓட்டினால் இரண்டு தொல்லையும் இல்லை. அதாவது கர்சிவ் என்பது அந்தக் காலத்து வேக எழுத்து.

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வியாபாரம் பெருகியது. கணக்கு, கடிதம், ரசீது எல்லாமே கையால்தான் எழுத வேண்டும். பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் (1800-1864) என்பவர் உருவாக்கிய வளைவு நெளிவான எழுத்து நாடு முழுக்கப் பரவியது. அது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? கோகோ கோலா பாட்டிலைப் பாருங்கள். 1886-ல் அந்த பானம் வந்தபோது அதன் பெயரை ஸ்பென்சர் பாணியில்தான் எழுதினார்கள்.

ஸ்பென்சர் எழுத்து அழகு, ஆனால் மெதுவானது. நாள் முழுக்க எழுதும் குமாஸ்தாவுக்கு அது தாங்காது. ஆஸ்டின் பால்மர் (1860-1927) அலங்காரங்களை எல்லாம் வெட்டிவிட்டு, விரலை அசைக்காமல் முழங்கைக்குக் கீழே உள்ள தசையால் எழுதும் முறையை 1894-ல் புத்தகமாகப் போட்டார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் வட்டம் வட்டமாகவும் கோடு கோடாகவும் பக்கம் பக்கமாகப் பயிற்சி செய்தது இந்த பால்மர் முறையைத்தான்.

இங்கேதான் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். பால்மர் புத்தகம் வருவதற்கு 20 வருடம் முன்பே, 1874-ல், ரெமிங்டன் கம்பெனியின் டைப்ரைட்டர் விற்பனைக்கு வந்துவிட்டது! கொஞ்சம் கொஞ்சமாக ஆபீஸ் கடிதங்கள் எல்லாம் டைப் ஆயின. 1920-களில் இங்கிலாந்திலிருந்து பிரித்து எழுதும் முறை வந்து, சின்ன வகுப்புகளில் அதுவே முதல் எழுத்தானது. பிறகு பால்பாயிண்ட் பேனா வந்தது. மை சொட்டும் பயமும் போயிற்று. கர்சிவ் பிறந்ததற்கான காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. பள்ளிக்கூடப் பழக்கம் மட்டும்தான் அதைத் தாங்கிப் பிடித்தது. ஆகவே பழி முழுவதையும் கம்ப்யூட்டர் மேல் போடுவது நியாயம் இல்லை. ஆனால் கடைசி அடி அதுதான் கொடுத்தது.

அந்த அடி எவ்வளவு பலமானது? அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் 2005-ல் கட்டுரைப் பகுதி சேர்க்கப்பட்டது. அதற்கு அடுத்த வருடம் வெளியான கணக்குப்படி, சுமார் 15 லட்சம் மாணவர்களில் கர்சிவில் எழுதியவர்கள் 15 சதவீதம்தான். 2010-ல் வெளியான காமன் கோர் என்ற பொதுப் பாடத்தரத்தை 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றன. அதில் 4-ஆம் வகுப்புப் பிள்ளை ஒரே அமர்வில் ஒரு பக்கமாவது டைப் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. கர்சிவ் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

"போனால் போகட்டுமே, இப்போது யார் பேனாவில் எழுதுகிறார்கள்?" என்று கேட்கலாம். எழுதுவதைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் எழுதத் தெரியாததோடு நிற்கவில்லை, படிக்கவும் தெரியாமல் போகிறது என்பதுதான் பிரச்சனை. வரலாற்று ஆசிரியரும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவருமான ட்ரூ கில்பின் ஃபௌஸ்ட் 2022-ல் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய அவருடைய வகுப்பில் மூன்றில் இரண்டு பங்கு மாணவர்களுக்கு கர்சிவ் படிக்கத் தெரியவில்லையாம். வரலாறு படிக்கிற மாணவர்கள்! அந்தப் போரில் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களும், 1776-ன் சுதந்திரப் பிரகடனமும் அந்த எழுத்தில்தான் இருக்கின்றன. சொந்த நாட்டு வரலாற்றையே வேறு யாராவது படித்துச் சொன்னால்தான் உண்டு என்ற நிலைமை.

இதை உணர்ந்து இப்போது இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கர்சிவை மறுபடி கட்டாயமாக்கியிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2023-ல் சட்டம் வந்து 2024-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகம் பழைய கையெழுத்து ஆவணங்களை டைப் செய்து கொடுக்கத் தன்னார்வலர்களை அழைக்கிறது. இயந்திரமே இப்போது கையெழுத்தைப் படிக்கிறதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது தப்பாகப் படித்தால் கண்டுபிடிக்க, படிக்கத் தெரிந்த மனிதர் ஒருவர் வேண்டுமே!

என் கருத்து இதுதான். எல்லாரும் மணிக்கணக்காக வட்டம் போட்டுப் பழக வேண்டியதில்லை. ஆனால் படிக்கும் அளவுக்காவது கற்றுக்கொடுக்க வேண்டும். எழுத்து அழகு போவது ஒரு ரசனை போவது. படிக்கத் தெரியாமல் போவதோ நினைவே போவது.

இது அவர்கள் கதை மட்டும் இல்லை. புள்ளி வைக்காமல், சேர்த்துச் சேர்த்து எழுதிய பழைய தமிழ்ப் பத்திரங்களும் கடிதங்களும் பல வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் இருந்தால் ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால், படிக்கத் தெரிந்த தாத்தாவோ பாட்டியோ இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.