புளூபெர்ரி தோட்டத்துக்கு வந்த கதை

சூப்பர் மார்க்கெட்டில் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் கருநீல நிறத்தில் இருக்கும் புளூபெர்ரியைப் பார்த்திருப்பீர்கள். விலையைப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தவர்களும் நம்மில் உண்டு. மா, பலா, வாழை போல ஆயிரம் ஆண்டுகளாகத் தோட்டத்தில் வளர்ந்த பழம் அல்ல அது. வட அமெரிக்காவின் பூர்வகுடிகள் காட்டில் பறித்து, உலர்த்தி, குளிர்காலத்துக்குச் சேமித்து வைத்த பழம். அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவர முடியாது என்றுதான் சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்புவரை பெரும்பாலான விவசாயிகள் நினைத்தார்கள்.

அப்படி நினைத்ததற்குக் காரணமும் இருந்தது. காட்டுச் செடியைப் பெயர்த்து வந்து, எருவும் சுண்ணாம்பும் போட்ட நல்ல மண்ணில் நட்டார்கள். செடி வாடிப் போயிற்று. அமெரிக்க விவசாயத் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில் 1906-இல் சோதனைகளைத் தொடங்கி, 1910-இல் அவற்றை அறிக்கையாக வெளியிட்டார். நாம் நல்லது என்று நினைத்துச் செய்வதே இந்தச் செடிக்குக் கெடுதல் என்பதுதான் அவர் கண்டது. புளூபெர்ரிக்கு வேண்டியது அமிலத்தன்மை உள்ள புளித்த மண். சுண்ணாம்பு அதற்கு ஆகவே ஆகாது.

நியூ ஜெர்சி மாநிலத்தின் தெற்கே பைன் காடுகள் நிறைந்த மணற்பாங்கான பெரும்பகுதி ஒன்று உண்டு. வழக்கமான பயிர் எதுவும் சரியாக விளையாததால் அதற்குத் 'தரிசு' என்றே பெயர். அங்கே வைட்ஸ்பாக் என்ற இடத்தில் ஜோசப் வைட் கிரான்பெர்ரி பயிரிட்டு வந்தார். அவருடைய மூத்த மகள் எலிசபெத் வைட் (1871–1954) அந்த அறிக்கையை 1911-இல் படித்தார். தங்கள் மண்ணும் அதே புளித்த மண்தானே என்று உடனே கோவிலுக்குக் கடிதம் எழுதினார். அறிவியல் அவருடையது, நிலமும் செலவும் எங்களுடையது என்று ஏற்பாடாயிற்று.

நல்ல தாய்ச்செடிகள் வேண்டும். அவை காட்டில் எங்கே இருக்கின்றன என்பது பைன் காட்டில் வாழ்ந்த ஏழை மக்களுக்குத்தான் தெரியும். ஆண்டுதோறும் பழம் பறித்து விற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள். வெளியூர்க்காரர்கள் அவர்களை ஏளனமாகப் பேசுவது வழக்கம். 1913-இல் வெளியான ஓர் அறிக்கை அவர்களை அறிவும் ஒழுக்கமும் குறைந்தவர்களாகவே சித்தரித்தது. எலிசபெத் அவர்களுக்காகப் பரிந்து பேசினார். பேசியதோடு நிற்காமல், அவர்களுடைய அறிவுக்கு விலையும் கொடுத்தார்.

அவர் வகுத்த முறை ஒரு வங்கிக்காரனான எனக்கு மிகவும் பிடித்தது. தேடிப் போகிறவர்களுக்கு ஓர் அலுமினியத் தகடு கொடுப்பார். அதில் ஐந்தெட்டு அங்குல, அதாவது சுமார் 16 மில்லிமீட்டர், துளை இருக்கும். அந்தத் துளைக்குள் நுழையாத பெரிய பழம் காய்க்கும் செடியைத்தான் குறிக்க வேண்டும். கூடவே அடையாளச் சீட்டுகள், மாதிரிப் பழம் போடச் சிறு புட்டிகள், எழுத்தில் விதிமுறைகள். கண்டுபிடித்துக் காட்டியவருக்குப் பணம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் செடிக்கு அவருடைய பெயர்!

ரூப் லீக் என்பவர் காட்டிய செடிதான் எல்லாவற்றிலும் சிறந்ததாக அமைந்தது. 'ரூப்' என்பது பட்டிக்காட்டான் என்று கேலியாக ஒலிக்கும். 'லீக்' என்றால் வெங்காய வகைக் கீரை. ஆகவே முதற்பெயரோடு இரண்டாம் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து 'ரூபெல்' ஆக்கினார்கள். அந்த ரகம் இன்றும் பயிராகிறது. பின்னால் வந்த பல ரகங்களுக்கு அதுவே மூதாதை.

1916-இல் வைட்ஸ்பாக்கிலிருந்து முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது. 1927-இல் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் அமைந்தபோது அதிலும் எலிசபெத் முன்னின்றார். 'தரிசு' என்று பெயர் வாங்கிய நிலம் ஒரு புதிய பயிருக்குத் தாய்வீடாயிற்று.

இன்று அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள், பனி விலகிய இளவேனில் தொடக்கத்தில் புளூபெர்ரிக் கன்று நடுகிறார்கள். நாலைந்து அடி இடைவெளி விட்டு, பைன் சருகு மூடாக்குப் போடுகிறார்கள். வேர் பிடிக்கட்டும் என்று முதல் ஆண்டுப் பூவைக் கிள்ளி விடுகிறார்கள். ஒரே ரகமாக நடாமல் இரண்டு ரகங்களை அருகருகே நடுகிறார்கள். அயல் மகரந்தம் கிடைத்தால்தான் பழம் பருக்கும் என்பதும் கோவில் அன்று காட்டிக் கொடுத்த பாடம்தான். இந்தச் செடிக்கு ஆண்டுதோறும் பல வாரக் குளிர்கால உறக்கம் வேண்டும். ஆகவே நம் மொட்டைமாடியில் அந்த ரகங்களை முயன்று பணத்தை வீணாக்க வேண்டாம்.

ஆனால் எலிசபெத்தின் முறையை முயலலாம். நம் குடியிருப்பில் கறிவேப்பிலைக் கன்று, முருங்கைப் போத்து, கீரை விதை என்று கை மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. எது யார் வீட்டிலிருந்து வந்தது என்பது ஆறு மாதத்தில் மறந்துவிடும். பல நல்ல நாற்றுகளைத் தருபவர் நம் தோட்டக்காரர்; அவர் பெயர் எந்தத் தொட்டியிலும் இல்லை. இனி தொட்டியில் ஒரு சீட்டு ஒட்டுவோம்: செடியின் பெயர், நட்ட தேதி, கொடுத்தவர் பெயர். செலவு அதிகமில்லை. வரவைத் தந்தவர் பெயரில் எழுதுவதுதானே நேர்மையான கணக்கு?