மெலியாய்டோசிஸ்

மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ‘பர்க்கோல்டேரியா சூடோமலை’ பாக்டீரியாவால் வரும் கொடிய நோய். 1912இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசுவாமியும் இதை விவரித்தனர். மறு ஆண்டே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வக விலங்குகளிடையே இது பரவியது. 1921இல் பெயர் சூட்டியவர்கள் அங்குப் பணியாற்றிய ஸ்டான்டனும் பிளெட்சரும்.

வெள்ளணு விழுங்கினாலும் இக்கிருமி சாவதில்லை. தன்னைச் சூழ்ந்த நுண்பையைக் கிழித்து சைட்டோபிளாசத்துக்குள் தப்பிவிடும். வியப்பு என்னவென்றால், அங்கும் காவல் உண்டு. கிருமியின் வெளிச்சவ்விலுள்ள லிப்போபாலிசாக்கரைடை எலிகளில் காஸ்பேஸ்-11 என்ற நொதி நேராகப் பற்றிக்கொள்கிறது. மனிதரில் அந்த வேலை காஸ்பேஸ்-4, 5 ஆகியவற்றுக்கு. உடனே காஸ்டெர்மின்-டி புரதம் சவ்வில் துளையிட, வெள்ளணு வெடித்து மடிகிறது, ஒளிந்திருந்த கிருமி வெளியே தள்ளப்படுகிறது.

எலிக்கும் மனிதருக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு: பாக்டீரியாவின் புரதங்களை உணரும் ‘நைப்’ வகைப் புரதங்களுக்கான மரபணுக்கள் எலிக்குப் பல, மனிதருக்கு ஒன்றே. எலிச் சோதனை முடிவுகளை மனிதருக்கு அப்படியே பொருத்துவது ஆகவே தவறு.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்நோயின் அபாயம் மிக அதிகம்.